குளக்கட்டைத் தள்ளும் நீர்

ஒரு குளக்கட்டின் மீது நிற்கும் நீர் செலுத்தும் உதைப்பு, அந்தக் குளம் எத்தனை ஏக்கரில் விரிந்து கிடக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. கட்டோரத்தில் நீர் எவ்வளவு ஆழமாக நிற்கிறது என்பதையே பொறுத்தது. துணுக்காய்ப் பிரிவிலுள்ள ஆலங்குளம், தென்னியன்குளம், கோட்டைகட்டியகுளம், அம்பலப்பெருமாள்குளம் முதலிய ஊர்களின் குளங்களுக்கும், அவற்றுக்குத் தெற்கே பாலியாற்றை மறித்து நிற்கும் வவுனிக்குளத்துக்கும், வடகிழக்கே கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடுவுக்கும் இவ்விதி ஒன்றே. கார்த்திகை, மார்கழி மழையில் குளம் நிரம்பி, எதிர்க்கரை தெரியாத அளவுக்கு நீர் பரந்து கிடக்கும்போது, அத்தனை நீரும் சேர்ந்து கட்டைத் தள்ளுகிறது என்று கருதுவது இயல்பே. எனினும், 20 அடி ஆழ நீர் மைல்கணக்கில் பின்னோக்கிப் பரந்திருந்தாலும், கட்டிலிருந்து ஒரு முழத் தொலைவில் ஒரு சுவரை எழுப்பி இடையிலுள்ள ஒடுங்கிய வெளியை மட்டும் 20 அடிக்கு நிரப்பினாலும், நிலையான நீரால் கட்டுக்கு வரும் உதைப்பில் சிறிதும் வேறுபாடு இராது. பரப்பு பெரிதானால் அலை பெரிதாகும், கட்டு உடைந்தால் வெளியேறும் வெள்ளமும் பெரிதாகும். ஆனால் உதைப்பு ஆழத்தின் கணக்கு. வன்னியின் குளக்கட்டுகளும் துருசுகளும் ஏன் இந்த வடிவத்தில் அமைந்தன, அவை எங்கே தளர்கின்றன என்பவற்றை விளங்கிக்கொள்ள இதிலிருந்தே தொடங்க வேண்டும்.

அமுக்கம் என்பது ஒரு பரப்பின் மீது செங்குத்தாகத் தாக்கும் விசையை அப்பரப்பின் அளவால் வகுத்துப் பெறப்படுவது. ஒரு சதுர மீற்றரில் ஒரு நியூற்றன் விசை தாக்கினால் அது ஒரு பஸ்கால். பஸ்கால் மிகச் சிறிய அலகாதலால், குளங்களைப் பற்றிப் பேசும்போது சதுர மீற்றருக்கு எத்தனை தொன் நிறை என்று சொல்வதே எளிது. இவ்வுரையிலும் அவ்வாறே சொல்லப்படுகிறது. ஒரு கனமீற்றர் நீரின் திணிவு ஏறக்குறைய 1000 கிலோகிராம், அதாவது ஒரு தொன். ஒரு சதுர மீற்றர் அடிப்பரப்பும் ஒரு மீற்றர் உயரமும் கொண்ட நீர்க்கம்பம் தன் அடியில் ஒரு தொன் நிறையைச் சுமத்துகிறது. ஆழம் ஆறு மீற்றரானால் ஆறு தொன். ஆழம் கூடக்கூட அமுக்கம் ஒரே சீராகக் கூடுகிறது என்பதே திரவநிலையியலின் முதல் வாய்பாடு. திரவத்தின் அடர்த்தியையும் ஈர்ப்பு ஆர்முடுகலையும் ஆழத்தையும் பெருக்கினால் அது கிடைத்துவிடும்.

கீழ்நோக்கிச் சுமக்கும் நிறை எவ்வாறு பக்கவாட்டில் திரும்பிக் கட்டைத் தள்ளுகிறது என்பதே இங்கு உண்மையில் விளக்கப்பட வேண்டியது. திண்மத்துக்கும் திரவத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டில் அதற்கு விடை இருக்கிறது. ஒரு செங்கல்லைச் சாய்வான பலகையில் வைத்தால், ஓரளவு சாய்வு வரை அது வழுக்காமல் நிற்கும். ஏனெனில் திண்மம் தன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதைத் தடுக்கும் வலிமை உடையது. ஓய்விலுள்ள திரவத்துக்கு அந்த வலிமை இல்லை. எவ்வளவு சிறிய வழுக்கு விசைக்கும் அது இடங்கொடுத்து ஓடத் தொடங்கும். ஆகவே நீர் அசையாது நிற்கிறது என்றால், அதனுள் எந்தப் பரப்பிலும் வழுக்கு விசை இல்லை என்றே பொருள். அது தொடும் சுவரிலோ மண்ணிலோ செலுத்தும் விசை அப்பரப்புக்குச் செங்குத்தாகவே அமைய வேண்டும். சரிந்து தாக்கினால், பரப்போடு ஒட்டிய கூறு நீரை நகர்த்திவிடும். இதிலிருந்தே இரண்டாவது பண்பும் பிறக்கிறது: நீருக்குள் ஒரு புள்ளியில் மேலும் கீழும் பக்கங்களிலும் அமுக்கம் சமம். ஒரு திசையில் குறைந்திருந்தால் நீர் அத்திசையில் நகர்ந்திருக்கும். மேலே உள்ள நீரின் நிறை பக்கவாட்டில் கட்டையும், அடியிலிருந்து மேல்நோக்கிக் கொங்கிறீற்றுத் தளத்தையும் தள்ளுவதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒன்றோடொன்று தொடர்புடைய, ஓய்விலுள்ள ஒரே திரவத்தில் ஒரே மட்டத்திலுள்ள எல்லாப் புள்ளிகளிலும் அமுக்கம் சமம் என்பதை வீடு கட்டும் மேசன்மார் நாள்தோறும் கையாளுகின்றனர். ஒளி புகும் ஒரு நீண்ட குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, இரு நுனிகளையும் இரு மூலைகளில் பிடித்து அத்திவாரத்தின் மட்டம் பார்க்கும்போது, குழாய் இடையில் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு நுனிகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கிறது. பாத்திரத்தின் வடிவத்துக்கும் அடியில் உள்ள அமுக்கத்துக்கும் தொடர்பில்லை என்பதை 1586ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்து நிலத்தின் பொறியியலாளர் சைமன் ஸ்டெவின் நூலாக எழுதினார். கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தை அணைகளால் காத்து வாழ்ந்த மக்களிடையே இந்தக் கேள்வி எழுந்தது தற்செயலன்று. பின்னர் பிரான்சின் பிளெய்ஸ் பஸ்கால் திரவங்களின் சமநிலை பற்றி எழுதிய ஆய்வு, அவர் இறந்த மறுஆண்டாகிய 1663இல் வெளிவந்தது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கூட்டப்படும் அமுக்கம் குறைவின்றி அதன் எல்லா இடங்களுக்கும் பரவும் என்பது அவர் பெயரால் வழங்கும் தத்துவம். குளக்கட்டில் மண் வெட்டிப்போடும் பெக்கோ இயந்திரத்தின் கை இதனாலேயே இயங்குகிறது. அதன் எண்ணெயில் சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிலோகிராம் நிறையளவு அமுக்கம் இருக்குமாயின், 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஆடுதண்டு 15 தொன்னுக்கு மேற்பட்ட விசையைத் தரும்.

இதே தத்துவத்துக்கு அஞ்சத்தக்க ஒரு பக்கமும் உண்டு. குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் வானின் கொங்கிறீற்றுச் சுவரில் மயிரிழை அளவு பிளவு ஏற்பட்டு அது குளத்து நீரோடு தொடர்பு கொண்டிருந்தால், அதற்குள் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் அந்த ஆழத்துக்குரிய முழு அமுக்கத்தையும் பிளவின் இரு முகங்களிலும் செலுத்தும். பிளவினுள் ஒரு குவளை நீர்கூட இல்லாதிருக்கலாம். ஆனால் ஆறு மீற்றர் ஆழத்தில் அப்பிளவு பத்துச் சதுர மீற்றர் பரந்திருக்குமாயின், இரு முகங்களையும் விலக்க முயலும் விசை 60 தொன். நீரின் அளவு சிறிது என்பதால் ஆபத்தும் சிறிது என்று நினைப்பது இத்துறையில் மிகக் கொடிய தவறு.

நீரின் மேல் காற்றும் இருக்கிறது. வளிமண்டலம் கடல்மட்டத்தில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய பத்துத் தொன் நிறையைச் சுமத்துகிறது. இது 76 சென்ரிமீற்றர் இரசக் கம்பத்துக்கும், ஏறத்தாழ 10.3 மீற்றர் நீர்க்கம்பத்துக்கும் சமம். இத்தாலியின் தொரிசெல்லி 1640களில் இரசத்தைக் கொண்டு இதைக் காட்டினார். 1648இல் பஸ்காலின் மைத்துனர் பெரியே, பியூய் த டோம் என்னும் மலையில் ஏறி, உயரம் கூடும்போது இரசக் கம்பம் தாழ்வதை அளந்தார். குளக்கட்டின் கணக்கில் காற்றின் அமுக்கம் பெரும்பாலும் விடப்படுவதற்குக் காரணம், அது நீரின் மேலும் கட்டின் வெளிப்பக்கத்திலும் ஒருங்கே தாக்கித் தன்னைத்தானே ஈடுசெய்துவிடுவதே. கிணற்றிலோ அதுவே எல்லையை வகுக்கிறது. நீரிறைக்கும் இயந்திரம் நீரை உறிஞ்சி இழுப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அது குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. நீரை மேலே ஏற்றுவது கிணற்று நீர்மட்டத்தின் மீது அமர்ந்திருக்கும் காற்று. ஆதலால் எவ்வளவு வலிய இயந்திரமானாலும் 10.3 மீற்றருக்கு மேல் கீழிருந்து இழுக்க முடியாது. குழாயின் உராய்வும் காற்றுக் கசிவும் சேர, ஆறு ஏழு மீற்றரே நடைமுறை எல்லை. நீர்மட்டம் தாழும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் கமக்காரர் வாட்டர்பம்மைக் கிணற்றுக்குள் இறக்கிக் கட்டுவது இதற்காகவே. ஆழமான குழாய்க்கிணறுகளில் நீருக்குள் மூழ்கியிருக்கும் இயந்திரம் கீழிருந்து தள்ளுவதால் அதற்கு இந்த எல்லை இல்லை.

இனிக் கட்டுக்கு வருவோமானால், செங்குத்தான ஒரு சுவரை எடுத்துக்கொண்டு தொடங்குவது தெளிவு தரும். நீர்மட்டத்தில் அமுக்கம் சுழி. அடியில் ஆறு மீற்றர் ஆழத்துக்கு ஆறு தொன். சராசரி மூன்று தொன். சுவரின் நீளத்தில் ஒவ்வொரு மீற்றருக்கும் ஆறு சதுர மீற்றர் பரப்பு உண்டு. ஆகவே ஒரு மீற்றர் நீளத்தின் மீது கிடையாகத் தாக்கும் உதைப்பு 18 தொன். நீர் மூன்று மீற்றர் மட்டுமே நின்றால் அது நாலரைத் தொன். ஆழம் இரு மடங்கானபோது உதைப்பு நான்கு மடங்காயிற்று. ஏனெனில் சராசரி அமுக்கமும் கூடியது, தாக்கப்படும் பரப்பும் கூடியது. அமுக்கம் அடிக்குச் செல்லச் செல்லக் கூடுவதால், உதைப்பு முழுவதும் ஒரே புள்ளியில் தாக்குவதாகக் கொண்டால் அப்புள்ளி நடுவில் அமையாமல், அடியிலிருந்து ஆழத்தின் மூன்றிலொரு பங்கு உயரத்தில் அமையும். இதற்கு அமுக்க மையம் என்று பெயர். சுவரை அதன் அடியைச் சுழலிடமாகக் கொண்டு புரட்ட முயலும் திருப்பம் என்பது உதைப்பையும் இவ்வுயரத்தையும் பெருக்கியது. ஆகவே ஆழம் இரு மடங்கானால் அது எட்டு மடங்காகும்.

குளத்தை இரண்டடி உயர்த்துவது என்னும் பேச்சு வரும்போது இக்கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டுப் பின்னர் பலமுறை உயர்த்தப்பட்ட இரணைமடு, அண்மைப் புனரமைப்பில் 34 அடியிலிருந்து 36 அடிக்கு நீரைத் தேக்குமாறு செய்யப்பட்டது. உயரத்தில் கூடியது ஏறக்குறைய 6 சதவீதம். ஆனால் 34 அடிச் சுவர் ஒன்று 36 அடி நீரைத் தாங்க நேர்ந்தால் உதைப்பு 12 சதவீதமும், புரட்டும் திருப்பம் 19 சதவீதமும் கூடும். குளத்து அளவுகோலின் அடிகள் எந்த மட்டத்திலிருந்து எண்ணப்படுகின்றன என்பதைப் பொறுத்து உண்மை விகிதம் ஓரளவு மாறும். எனினும் போக்கு இதுவே. மேலே கூட்டப்படும் ஒரு வரிசை மண்ணின் சுமை முழுவதையும் அடிப்பகுதியே ஏற்கிறது. ஆதலால் கட்டை உயர்த்துவோர் அதன் அடியையும் அகலிக்க வேண்டியவராகின்றனர். உயர்த்தலுக்குப் பின் வந்த 2018 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் நீரில் மூழ்கியபோது, வான்கதவுகள் எப்போது, எவ்வளவு திறக்கப்பட வேண்டும் என்பது பொதுமக்களின் கேள்வியாகவே மாறியது. அது நியாயமான கேள்வி.

வன்னியின் குளக்கட்டுகள் செங்குத்துச் சுவர்களல்ல. இரு பக்கமும் சாய்ந்த மண்மேடுகள். இச்சாய்வு மண் சரியாதிருப்பதற்காக மட்டும் வந்ததாகப் பலரும் கருதுவர். அது உண்மையின் பாதி. நீர் பரப்புக்குச் செங்குத்தாகவே தாக்கும் என்ற விதியைச் சாய்வான நீர்ப்பக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தால் மறுபாதி புலனாகும். ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம் என்னும் சாய்வில் ஆறு மீற்றர் நீர் நிற்கிறது என்க. கிடையான உதைப்பு செங்குத்துச் சுவரில் இருந்த அதே 18 தொன்தான்; சாய்வு அதைக் குறைப்பதில்லை. ஆனால் சாய்வின் மேல் முக்கோண வடிவில் நிற்கும் நீரின் நிறை 36 தொன், கட்டைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. தள்ளும் நீரே தான் தள்ளுவதைப் போல் இரு மடங்கு விசையால் கட்டை நிலத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. நீர் ஏற ஏறத் தள்ளுவிசை கூடுகிறது. அதே விகிதத்தில் பிடிக்கும் விசையும் கூடுகிறது. சாய்வைக் குறைத்துச் செங்குத்தாக்கினால் இவ்வுதவி போய்விடும். இக்கணக்கை எழுத்தில் வைத்திராத காலத்தில், மண்கூடை சுமந்து கட்டியவர்கள் பட்டறிவால் இந்த வடிவத்தை அடைந்தனர் என்பது வியந்து போற்றத்தக்கது.

துருசின் கதை இன்னும் நுட்பமானது. துருசு என்பது கட்டின் அடியாக நீரை வெளியே விடும் மதகு. அதாவது நீர் மிகுந்த வலிமையோடு தள்ளும் இடத்தில் வேண்டுமென்றே இடப்படும் ஒரு துளை. ஆறு மீற்றர் ஆழத்தில் ஒரு மீற்றர் சதுரமான கதவு ஒன்றின் மீது நீர் ஆறு தொன் விசையைச் செலுத்தி அதைத் தன் சட்டத்தோடு இறுக்குகிறது. அதைத் தூக்க வேண்டுமானால் கதவின் நிறையோடு உராய்வையும் வெல்ல வேண்டும். உராய்வு இறுக்கும் விசையின் பாதியளவு என்று கொண்டாலே மூன்று தொன் வேண்டும். திருகுதண்டும் சுழற்றும் சக்கரமும் இல்லாமல் மனிதக் கை இதைச் செய்ய இயலாது. கதவு திறந்ததும் வேறொரு சிக்கல் எழுகிறது: ஆறு மீற்றர் தலைமட்டத்தால், அதாவது மேலே நிற்கும் நீரின் உயரத்தால், தள்ளப்படும் நீர், உராய்வு இழப்பைத் தவிர்த்தால், செக்கனுக்கு ஏறக்குறைய 11 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 39 கிலோமீற்றர் வேகத்தில் பாயும். வாய்க்காலின் மண் அதன்முன் நில்லாது.

இதற்கு இலங்கையின் பண்டைக் குளங்கள் கண்ட விடை கலிங்கற்றொட்டி, சிங்களத்தில் பிசோகொட்டுவ. கட்டினுள், நீர்ப்பக்கச் சாய்வை ஒட்டி, சதுரமாகவோ நீள்சதுரமாகவோ கல்லால் கட்டப்பட்ட ஒரு கிணறு அது. குளத்திலிருந்து ஒரு வழி அதனுள் வருகிறது. மறுபக்கம் இன்னொரு வழி கட்டினடியாக வெளியே செல்கிறது. இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த பண்டைய இலங்கை பற்றிய தம் நூலில் இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்தார். வவுனிக்குளத்தையும் அவர் ஆராய்ந்து, பண்டை நூல்கள் குறிப்பிடும் பெலிவாபி அதுவே என்றும் அது கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது என்றும் கருதினார். பன்னெடுங்காலம் காட்டுக்குள் கிடந்த அக்குளம் 1950களில் புனரமைக்கப்பட்டு, அதன்கீழ் மக்கள் குடியேறினர். இன்று மல்லாவி, யோகபுரம், பாண்டியன்குளம் பகுதிகளின் நெற்செய்கைக்கு அதுவே ஆதாரம்.

தொட்டியினுள் மரக்கதவு எவ்வாறு இயங்கியது என்பதில் பொறியியலாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு; அமுக்கத்தின் நோக்கில் தொட்டியின் பயன் ஐயத்துக்கு இடமற்றது. கதவைக் கட்டின் வெளிமுனையில் வைத்தால், அது மூடியிருக்கும் நாளெல்லாம் கட்டினடியே செல்லும் நீர்வழி முழுவதும் குளத்தின் முழு அமுக்கத்தில் நிற்கும். அதன் கல்லிணைப்புகளில் எங்கேனும் ஒரு பிளவு ஏற்பட்டால் நீர் கட்டின் நடுவயிற்றுக்குள் பீறிடும். கட்டுப்பாட்டை நீர்ப்பக்கத்துக்கு அருகே, தொட்டியில் வைத்தால், அதற்கப்பால் உள்ள வழியில் மூடிய நாளில் அமுக்கமே இல்லை. திறந்த நாளிலும் தொட்டியின் அகன்ற வெளியில் சுழன்று தன் வேகத்தை இழந்த நீரே செல்லும். ஐரோப்பாவில் இத்தகைய கதவுக்கிணறுகள் பரவலாகக் கட்டப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே என்பதைப் பார்க்கர் எடுத்துக்காட்டினார்.

இதுவரை சொல்லப்பட்டது கட்டுக்கு வெளியே நிற்கும் நீர். குளக்கட்டுகளின் பெரும்பகை கட்டுக்கு உள்ளே நிற்கும் நீர். மண் எவ்வளவு இறுக்கப்பட்டாலும் அதன் மணிகளுக்கிடையே நுண்ணிய வெளிகள் உண்டு. குளம் நிரம்பியிருக்கும் மாதங்களில் நீர் அவற்றுள் மெல்லப் புகுந்து வெளிப்பக்கத்தை நோக்கி நகரும். அவ்வெளிகளில் நிற்கும் நீருக்கும் அமுக்கம் உண்டு. அது நுண்டுளை அமுக்கம் எனப்படும். பிராக் நகரில் பிறந்த கார்ல் தேர்சாகி 1920களில் நிறுவியது என்னவெனில், மண்ணின் உறுதி அதன் மேலுள்ள மொத்தச் சுமையைப் பொறுத்ததன்று, அச்சுமையில் மண்மணிகள் ஒன்றையொன்று தொட்டுத் தாங்கும் பங்கையே பொறுத்தது என்பதாகும். மொத்தச் சுமையிலிருந்து நுண்டுளை அமுக்கத்தைக் கழித்தால் அப்பங்கு கிடைக்கும். நீர் மணிகளை விலக்கி நிற்க, அவற்றின் பிடி தளர்கிறது. மண் தன் நிறையை இழக்காமலே வலிமையை இழக்கிறது. நவீன மண்பொறியியல் முழுவதும் இக்கழித்தலின் மீது நிற்கிறது என்றால் மிகையாகாது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் தோன்றுகின்றன. ஒன்று, குளம் நிரம்பும்போது வெளிப்பக்கச் சாய்வு தளர்வது. மற்றது, குளம் விரைவாக இறங்கும்போது நீர்ப்பக்கச் சாய்வு சரிவது. பின்னது பலரும் எதிர்பாராதது. குளத்தின் நீர்மட்டம் சில நாட்களிலேயே பல அடி தாழ்ந்துவிட்டால், சாய்வை அழுத்திப் பிடித்திருந்த நீர் போய்விடுகிறது. ஆனால் கட்டினுள் ஊறிய நீர் அவ்வளவு விரைவாக வடிவதில்லை. உள்ளிருந்து வெளியே தள்ளும் அமுக்கத்துக்கு எதிராக எதுவும் இல்லாத நிலையில் சாய்வு பெயர்ந்து குளத்துக்குள் வழுக்குகிறது. துருசைத் திறந்து நீரை மளமளவென்று இறக்குவதற்கு எல்லை விதிப்பதன் காரணம் இதுவே.

மண்ணினுள் நிற்கும் நீரின் இதே அமுக்கத்தால் நிலத்தில் புதைத்த தாங்கிகளும் மேலெழுகின்றன. இரண்டு மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமும் ஒன்றரை மீற்றர் உயரமும் உள்ள ஒரு மூடிய தாங்கி வெறுமையாக இருக்க, மாரியில் நிலத்தடி நீர் அதன் விளிம்பு வரை ஏறினால், அடியிலிருந்து ஆறு தொன் மேலுதைப்பு அதைத் தூக்கும். அது ஆக்கிமிடீஸ் கண்ட விதி. இடம்பெயர்க்கப்பட்ட நீரின் நிறையே மேலுதைப்பு. கட்டி முடித்த தாங்கியை மழைக்கு முன் நீரால் நிரப்பி வைப்பது எளிய காப்பு.

கசியும் நீர் ஓடிக்கொண்டிருப்பதால் மண்மணிகளை இழுத்துச் செல்லவும் முயலும். வெளிப்பக்க அடியில் நீர் மேல்நோக்கி வெளியேறும் இடத்தில், அது இழக்கும் தலைமட்டம் கடக்கும் மண்ணின் தடிப்புக்குச் சமமாகுமளவு கூடினால், சாதாரண மணல் தன் நிறையை இழந்ததாகி மிதக்கத் தொடங்கும். நீர் ஊற்றெடுத்து, அதன் வாயைச் சுற்றி நுண்மணல் சிறு கூம்பாகக் குவியும். மணல் வெளியேறிய இடத்தில் வெற்றிடம் உண்டாக, நீர்வழி குறுகி, எஞ்சிய மண்ணின் மீது இழுப்பு இன்னும் கூடுகிறது. இவ்வாறு வெளியிலிருந்து குளத்தை நோக்கிப் பின்னோக்கி வளரும் குழாய் ஒன்று குளத்தை எட்டினால் கட்டு சில மணி நேரத்தில் போய்விடும். பட்டுப்போன மரத்தின் அழுகிய வேர், உடும்பின் வளை, எலிப்பொந்து, பழைய கறையான் புற்று ஆகியவை இக்குழாய்க்குப் பாதி வழியை முன்கூட்டியே திறந்து வைக்கின்றன. கட்டில் மரம் வளர விடாதே என்று நீர்ப்பாசன அலுவலர் சொல்வதைப் பசுமைக்கு விரோதமான பேச்சாகக் கொள்ளலாகாது. மருது குளக்கரைக்கும் அலைகரைக்கும் உரிய மரம், கட்டின் வெளிச்சாய்வுக்கு உரியதன்று. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாரி முடிந்து மாதங்கள் கடந்த ஒரு நாளில் அது நிகழ்ந்தது. கட்டின் காவல் மழைக்காலத்தோடு முடிந்துவிடுவதன்று.

ஆகவே கட்டின் வெளிப்பக்க அடியை நடந்து பார்ப்பதே ஒரு கமக்காரர் அமைப்பு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணி. கசிவு இருப்பதே பிழையன்று. கசியாத மண்கட்டு உலகில் இல்லை. கசியும் நீரைக் கண்ணாடிக் குவளையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது தெளிந்திருந்து, குளத்தின் மட்டத்தோடு ஒத்துக் கூடிக் குறைந்தால், கட்டு தன் இயல்பில் இருக்கிறது. நீர் கலங்கியிருந்தால், அல்லது குவளையை அசையாமல் வைத்த சிறிது நேரத்தில் அடியில் மண் படிந்தால், கட்டின் உடல் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். குளத்தின் மட்டம் மாறாதிருக்கக் கசிவு மட்டும் நாளுக்கு நாள் கூடுவதும் அதே எச்சரிக்கை. புதிதாகக் கட்டுவோர் வெளிப்பக்க அடியில் மணலும் சல்லியும் கல்லும் படிமுறையாக அடுக்கி வடிகட்டி அமைப்பது, நீரை வெளியே விட்டு மண்ணை உள்ளே நிறுத்துவதற்காக.

ஊற்றெடுக்கும் இடத்தைக் கண்டதும் அதன் வாயைக் களிமண்ணால் அடைத்துவிட முனைவதே பலரின் முதற்செயல். அது தீங்கு. வாய் அடைபட்டால் அமுக்கம் குறைவதில்லை. அடைபட்ட திரவத்தில் அமுக்கம் எங்கும் பரவும் என்ற விதிப்படி, அது பக்கத்தில் இன்னும் மெலிந்த இடத்தைத் தேடி வெளிப்படும். செய்ய வேண்டியது வேறு. ஊற்றைச் சுற்றிச் சற்று விலகி, மண்மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் நீர் தேங்கி உயர விட வேண்டும். வட்டத்துக்குள் நீர் ஓரடி உயர்ந்தால், ஊற்றைத் தள்ளும் தலைமட்ட வேறுபாடு ஓரடி குறையும். உயரும் நீரின் நிறையே ஊற்றின் வாயை மேலிருந்து அழுத்தும். மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று உயர்த்திச் செல்லும்போது, கலங்கி வந்த நீர் ஒரு கட்டத்தில் தெளியத் தொடங்கும். அவ்விடத்தில் மூட்டையடுக்கை நிறுத்தி, தெளிந்த நீர் வழிந்தோட ஒரு வாய் விட்டு, அந்த மட்டத்தை இரவும் பகலும் காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் வான்வழியாகவும் துருசுவழியாகவும் குளத்தின் மட்டத்தை அவசரமின்றி, நாளுக்குச் சிறிதாக இறக்கிவர வேண்டும்.